பட்டிப்பளை ஆறும் பெருங்குளத் தொடரும்

ஒலுவில் துறைமுகத்தின் கற்சுவரின்மீது நின்று மேற்றிசையை நோக்குவோருக்குத் தென்னஞ்சோலையும், அதற்கப்பால் பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற வயல்வெளியும், வெகு தொலைவில் நீலநிறம் பூண்ட மலைகளும் தோன்றுமேயன்றிக் குளம் எதுவும் கண்ணிற்குப் புலனாகாது. கீழ்த்திசையிலோ கடல். ஆதலினால் நாம் எம்மைக் கடற்கரை மக்கள் என்றே கூறிப் பழகிவிட்டோம். எமது ஊர்களின் பெயரைக் கேட்கும் வெளியூரவரும் மீனையும் கருவாட்டையுமே முதலில் நினைக்கின்றனர். ஆனால் எமது களஞ்சியத்து நெல்லும், இன்று எமது வீட்டுக் குழாயில் வரும் குடிநீரும் கடல் தந்தவை அல்ல. அவை, நாம் நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 22 மைல் மேற்கே இங்கினியாகலையில் தேங்கிக் கிடக்கும் ஒரு பெருநீர்ப் பரப்பும், அதன்கீழ்ச் சங்கிலித் தொடராய் அமைந்த குளங்களும் தந்தவை. அவற்றின் சரித்திரத்தை எமது இளைஞர்களிற் பலர் பள்ளிக்கூடத்திலும் கற்றிலர், பெரியோரிடத்தும் கேட்டிலர். எனவே இவ்வாண்டு மலரில் அதனை ஓரளவு விரித்துரைக்க முனைகின்றோம்.

முதலில் ஊர்ப்பெயர்களை நோக்குவோம். பொத்துவில், தம்பிலுவில், கோளாவில், ஒலுவில் என எமது கரையோரத்தில் 'வில்' என முடியும் ஊர்கள் பல. வில் என்பது ஆழமற்ற நீர்தேங்கு நிலையைக் குறிக்கும் சொல். வெள்ளம் வந்தால் நிறைந்து, கோடையில் வற்றி, இடையிற் புல்லும் ஆம்பலும் மண்டிக் கிடக்கும் பள்ளமே வில். 'ஒலு' என்பது சிங்களத்தில் ஆம்பலைக் குறிக்கும். எனவே ஆம்பல் பூத்த வில்லே ஒலுவில் ஆயிற்று என்று கொள்வதில் தவறில்லை என்பது எமது எண்ணம். இவ்வாறே காரைதீவின் 'தீவு', கல்முனை, மருதமுனை, வீரமுனை என்பவற்றின் 'முனை', சம்மாந்துறையின் 'துறை' யாவும் நீரைச் சுட்டி நிற்பவை. நீர் எங்கே நின்றது, எங்கே வழிந்தது, எங்கே தோணி கட்டினர் என்பதை எம் முன்னோர் பெயரிட்டே எழுதிவைத்துச் சென்றனர். தமிழும் சிங்களமும் ஓரூர்ப் பெயரிற் கூடிக்கிடப்பதும் இந்நாட்டின் பழைய வழக்கேயாம்.

இனி ஆற்றை நோக்குவோம். பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைநாட்டில் தோன்றி, ஏறத்தாழ 67 மைல் ஓடி, கல்முனைக்குத் தெற்கே கடலோடு கலக்கும் இவ்வாற்றைச் சிங்களர் கல் ஓயா என்பர். கல்லாறு என்பதே அதன் பொருள். எமது முதியோரோ இன்றும் பட்டிப்பளை ஆறு என்றே வழங்குவர். மலையை விட்டு இறங்கிச் சமநிலத்தை அடைந்ததும் இவ்வாறு ஒரே வழியிற் செல்லாது பல கிளைகளாய்ப் பிரிந்து, பழைய வாய்க்கால்களிலும் வில்களிலும் புகுந்து, நிந்தவூருக்கும் ஒலுவிலுக்கும் இடைப்பட்ட பகுதியிற் களியோடை முதலிய வழிகளாற் கடலைத் தேடுகின்றது. இந்நிலத்தின் இயல்பே அதுதான். மேற்கிலிருந்து கிழக்கே நிலம் மிக மெல்லச் சரிகின்றது. கரையருகே மணல் மேடு ஒன்று வேலிபோல் நீண்டு கிடக்கின்றது. மேலே பெய்த மழை முழுவதும் கீழே வந்து அம்மணல் மேட்டின் பின்னே தேங்கிக் கடலுக்கு வழி தேடும்.

மழையும் எமக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பதன்று. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் ஐப்பசி தொடங்கித் தை வரையிலான சில மாதங்களிற் பெரும்பகுதி மழை கொட்டி முடிந்துவிடும். பின்னர் ஆனி, ஆடியிற் கச்சான் காற்று மலையைக் கடந்து ஈரமிழந்து வந்து நிலத்தைச் சுட்டெரிக்கும். நான்கு மாதம் வெள்ளம், எட்டு மாதம் தாகம். இதுவே எமது நாட்டின் கணக்கு. இக்கணக்கை நேர்செய்யக் குளத்தைத் தவிர வேறு வழியில்லை. இலங்கைத் தீவில் இயற்கை தந்த பெரிய நன்னீர் ஏரி ஒன்றேனும் இல்லை என்பதை அறிவீர்கள். வட அமெரிக்காவின் ஐம்பேரேரிகளைப் பனியாறுகள் நிலத்தைக் குடைந்து ஆக்கின. எமது ஏரிகளை மனிதர் மண்சுமந்து ஆக்கினர்.

எப்பொழுது ஆக்கினர்? எமது வயல்களுக்கு நடுவே இறக்காமத்திற்கு அண்மையிலுள்ள தீகவாபி என்னும் பெயரே அதற்கு விடை. 'தீக' என்பது நீண்ட. 'வாபி' என்பது குளம். நெடுங்குளம் என்று பொருள்படும் இப்பெயர் மகாவம்சத்தில் வருகின்றது. துட்டகைமுனுவின் தம்பியாகிய சத்தாதிஸ்ஸன் தந்தையின் ஆணைப்படி இப்பகுதியில் இருந்தான் என்றும், பின்னர் தானே அரசனாகித் தீகவாபியிற் தாதுகோபம் அமைத்தான் என்றும் அந்நூல் கூறும். ஆக, கிறித்துவுக்கு முன் 2-ம் நூற்றாண்டிலேயே இங்கே நீண்ட குளமும் நெல்வயலும் அரசர் கவனித்த விளைநிலமும் இருந்தன என்பது தெளிவு.

அடுத்த சான்று கல்லிற் கிடைத்தது. அம்பாறைக்கு அருகிலுள்ள கொண்டவட்டவான் குளப்பகுதியிற் கண்டெடுக்கப்பட்ட தூண் கல்வெட்டு ஒன்று 10-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதிலே அரசனின் புகழ் மாத்திரம் எழுதப்படவில்லை. பயிர்த்தொழிலில் ஒழுங்கு தவறியோருக்கு விதிக்கப்படும் தண்டங்கள் எழுதப்பட்டுள்ளன. காலந்தவறி உழுதல் அக்குற்றங்களுள் ஒன்று. இன்றைய இளைஞர் இதைக் கேட்டு நகைக்கக்கூடும். ஒருவன் தன் வயலைப் பிந்தி உழுதால் அரசனுக்கு என்ன நட்டம்? நட்டம் அரசனுக்கன்று, அயல் வயலுக்கே. ஒரே வாய்க்காலில் நீர் குடிக்கும் நூறு வயல்களுள் ஒன்று பிந்தினால், மற்றவை விளைந்த பின்னும் அதன்பொருட்டு மடை திறந்திருத்தல் வேண்டும். வீணே ஓடும் நீர் அடுத்த போகத்தின் நீர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வுண்மையைக் கண்டு கல்லில் வெட்டிவைத்தனர் என்பது எமக்கு வியப்பைத் தருகின்றது. குளத்தின் கரை மண்ணாலாயது. அதனைக் காத்ததோ இத்தகைய ஒழுங்கு.

இடைக்காலத்தில் அந்த ஒழுங்கு தளர்ந்தது. குளங்கள் உடைந்தன, காடு மூடியது, மக்கள் கரையோர ஊர்களிற் செறிந்தனர். வானம் பார்த்த முன்மாரி வேளாண்மையும், சிறுகுளத்து நீரும், ஆற்றிலே மண்ணணை கட்டித் திருப்பிய நீருமே மிஞ்சின. ஆயினும் வட்டைகளின் வாழ்வு அற்றுப்போகவில்லை. போடியாரும், அவருக்குக் கீழே முல்லைக்காரனும், வயற்காரரும், நீருக்கு அதிகாரியாய் வட்டவிதானையும் என ஓர் ஏற்பாடு தொடர்ந்து வந்தது. கரையோரத்து இந்துவின் வயலுக்கு முஸ்லிம் வயற்காரனும், முஸ்லிம் போடியாரின் வயலுக்கு இந்து முல்லைக்காரனும் இருந்தது வழமை. சூடுமிதிக்கும் களத்திலே வழங்கும் களமொழி இருவருக்கும் ஒன்றே. நெல்லைப் 'பொலி' என்பதும், களத்தில் இன்னின்ன சொல்லைச் சொல்லலாகாது என்று விலக்குவதும் இரு சாராரிடத்தும் காணப்பட்டவை. மழை பொய்த்தபோது எமது மூதாதையர் கண்ணகையம்மன் சந்நிதியிலே மழைக்காவியம் பாடினர். வைகாசித் திங்களிற் குளிர்த்தி செய்தனர். பள்ளிவாசலிலும் மழைக்காகத் தொழுகை நடந்தது. மேகத்திற்கு இரண்டு விண்ணப்பங்களும் ஒரே வட்டையிலிருந்தே சென்றன.

வெள்ளையர் ஆட்சியிற் குளங்களைப் பற்றி அக்கறை கொண்ட தேசாதிபதிகள் மிகச் சிலர். அவருள் முதல்வர் சேர் ஹென்றி வார்ட். 1855 முதல் 1860 வரை ஆண்ட இவர் மட்டக்களப்புப் பகுதிக்கு நேரில் வந்து, அழிந்துகிடந்த குளங்களையும் உழைப்பிற் சளைக்காத உழவரையும் கண்டு, இறக்காமக் குளத்தையும் அம்பாறைக் குளத்தையும் புதுப்பிக்கும் வேலையைத் தொடக்குவித்தார். அதனினும் சிறந்த செயல் ஒன்றையும் அவர் செய்தார். 1856-ம் ஆண்டின் 9-ம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம், நெல்வயல்களுக்கு நீர் பாய்ச்சுவதிற் பழைய வழமைகளுக்கு மீண்டும் சட்டவலிமை வழங்கினார். உழவர் கூடி விதைப்பு நாளையும் வேலி கட்டும் நாளையும் முடிவு செய்வதும், முடிவை மீறியோரைத் தண்டிப்பதும் மறுபடியும் முறையாயின. கொண்டவட்டவான் கல்வெட்டுக்கும் இச்சட்டத்திற்கும் இடையே 900 ஆண்டுகளுக்கு மேல். கருத்தோ ஏறத்தாழ ஒன்றே. அந்நிய ஆட்சி எமக்குச் செய்த தீமைகளைப் பட்டியலிடுவோர் இந்த நன்மையையும் ஒரு வரியிற் குறித்தல் நியாயமாகும்.

இனி இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். இலங்கை சுதந்திரம் பெற்ற மறு ஆண்டு, 1949-ல், கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தால் நிறுவப்பட்டது. அமெரிக்காவில் 1933-ல் அமைந்த டெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையே இதற்கு முன்மாதிரி. ஓர் ஆற்றின் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே சபையின் கீழ்க் கொண்டுவந்து, அணை, மின்சாரம், வாய்க்கால், குடியேற்றம், பாதை, வைத்தியசாலை யாவற்றையும் ஒருங்கே செய்வது என்பது அக்காலத்தில் உலகெங்கும் பரவிய எண்ணம். அணைகட்டும் வேலை மொரிசன் நுட்சன் என்னும் அமெரிக்கக் கம்பனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. கொலராடோ ஆற்றில் ஹூவர் அணையைக் கட்டிய ஆறு கம்பனிகளில் அதுவும் ஒன்று. யானை நடந்த காட்டுவழியிலே மண்வாரும் பெரிய இயந்திரங்கள் வந்தன. வண்டியும் மாடுமன்றி வேறறியாத ஊரவர் அவற்றைப் பார்க்கவே கூட்டங்கூட்டமாய்ச் சென்றனர் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

இங்கினியாகலையில் இரு மலைகளுக்கு இடையே ஆறு நெருங்கிப் பாயும் இடத்திலே அணை எழுந்தது. அவ்விடத்துப் பெயர் பற்றி ஒன்று சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. 'இங்கினி' என்பது எமது தேற்றா மரம். 'கல' என்பது பாறை. தேற்றாங்கொட்டையைக் கலத்தில் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிவிப்பது எமது பாட்டிமாரின் கைவழக்கம். நீரைத் தெளிவிக்கும் மரத்தின் பெயர் பெற்ற பாறையிலே இலங்கையின் மிகப்பெரிய நீர்த்தேக்கம் சாய்ந்து கிடப்பது தற்செயலான பொருத்தமேயாயினும் இனிய பொருத்தம். ஆனால் அதனாற் பிறந்த சரித்திரம் அத்தனை தெளிவாய் அமையவில்லை. அதனைப் பின்னே கூறுவோம்.

முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா 1952-ம் ஆண்டு மார்ச்சு 22-ந் தேதி காலமானார். நீர்த்தேக்கம் அவர் பெயரால் சேனநாயக்க சமுத்திரம் என வழங்கலாயிற்று. ஏறத்தாழ 380 சதுர மைல் பரப்பிற் பெய்யும் மழை இதனை வந்தடைகின்றது. நிறைந்தபோது நீர்ப்பரப்பு ஏறத்தாழ 30 சதுர மைல். கொள்ளளவு 7,70,000 ஏக்கர் அடி. இவ்வெண்ணை மனத்திற் கொள்வது கடினம். அம்பாறை மாவட்டத்தின் மொத்த நிலத்திற் பத்தில் ஏழு பங்கை ஓரடி ஆழத்திற்கு நீராலே மூடிவிடலாம் என்றால் விளங்கும். மகாவலித் திட்டத்தின் கீழ்ப் பின்னர் எழுந்த விக்டோரியா, ரந்தெனிகல ஆகியவையும் கொள்ளளவில் இதற்குக் குறைந்தவையே.

நீர் ஏறியபோது பள்ளத்தாக்கு மறைந்தது; குன்றுகளின் உச்சிகள் தீவுகளாயின. 1954-ம் ஆண்டு நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு கல்லோயா தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அங்கே யானைகள் தீவு விட்டுத் தீவு நீந்திச் செல்லும் காட்சியைக் காண இன்று தூரதேசத்தவரும் வருகின்றனர். ஆனால் அந்தக் காட்டை ஊராகக் கொண்டு வாழ்ந்த வேடர் குடும்பங்கள் தமது வேட்டை நிலத்தையும் தேனெடுத்த மலைச்சாரலையும் இழந்து வெளியேறின. கீழே, எமது மக்களும் தலைமுறை தலைமுறையாய் மாடு மேய்த்த தரைகளைத் திட்டத்திற்கு இழந்தனர். பெருங்குளம் ஒன்று எழும்போது அதன் அடியில் யாருடைய நிலம் போகின்றது என்னும் கேள்வி எங்கும் உண்டு. எங்கும் அதற்குக் கிடைக்கும் விடை சிறிதே.

நீர் செல்லும் வழியை இனி நோக்குக. அணையின் கீழே மின்சாரத்தைப் பிறப்பித்த பின்னர் நீர் பிரிகின்றது. இடதுகரை வாய்க்கால் வடகிழக்கே உகணை, கோணாகொல்லை வழியாகச் சென்று, அதன் கிளைகளில் ஒன்று முருகப்பெருமான் எழுந்தருளியுள்ள மண்டூர்த் திசைவரை எட்டுகின்றது. வலதுகரை நீர் ஹிங்குராணைக் கரும்புக்கும் அப்பகுதி நெல்லுக்கும் பாய்கின்றது. நடுவே ஆற்றுப் பகுதியின் பழைய வயல்கள். அம்பாறைக் குளம், கொண்டவட்டவான் குளம், இறக்காமக் குளம் ஆகிய பழங்குளங்கள் இப்புதிய தொடரினுள் கண்ணிகளாயின. மேல்வயலில் வடிந்த நீர் கீழ்க்குளத்தில் தேங்கி மறுபடி கீழ்வயலுக்குப் பாய்வது எம் முன்னோர் கண்ட உபாயம். எஞ்சினியர்கள் அதன் உச்சியில் ஒரு பெரிய குடத்தைக் கவிழ்த்து வைத்தனர், அவ்வளவே. சம்மாந்துறை, நிந்தவூர், காரைதீவு, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வட்டைகளில் முன்பு வானத்தை நம்பிய பல வயல்கள் இரு போகம் காணலாயின. நாட்டிற்கு நெல் ஈந்து தரும் முன்னணி மாவட்டங்களுள் அம்பாறை இன்றும் ஒன்று. அன்றியும், கொண்டவட்டவான் குளத்தில் எடுத்துச் சுத்திகரிக்கப்படும் நீர் குழாய் மூலம் கரையோர நகர்களுக்கு வருகின்றது. தண்டம் எழுதிய தூண் நின்ற குளத்து நீரையே இன்று நாம் அருந்துகின்றோம்.

நன்மையை இவ்வளவு கூறிய நாம் கசப்பையும் கூறாது விடுதல் நேர்மையன்று. புதிய குடியேற்றங்கள் வாய்க்காலின் தலைப்பகுதி தொடங்கி அமைந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் வேறு மாகாணங்களிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்கள் இருத்தப்பட்டன. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கிடைத்த சிலவோ பெரும்பாலும் வாய்க்காலின் வாற்பகுதியில் அமைந்தன. அதுவரை மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியாயிருந்த இந்நிலம் 1961-ம் ஆண்டு அம்பாறை மாவட்டம் எனத் தனியே பிரிக்கப்பட்டது. குடித்தொகையின் உருவமே மாறிவிட்டது. குடியேறிய ஏழை உழவன்மீது எமக்குப் பகையில்லை. அவனும் காணியற்ற வறுமையினாலேயே கொளனி வீட்டிற்கு வந்தவன். ஆயினும் தலைமடையை யாருக்கும், கடைமடையை யாருக்கும் கொடுத்தனர் என்பதை நீர்ப்பாசன வரைபடம் ஒளிக்காது காட்டுகின்றது.

1956-ம் ஆண்டு ஜூன் மாதத்திற் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது கொழும்பிலே மூண்ட வன்செயல் இப்பள்ளத்தாக்கினுள்ளும் பரவியது. அணையும் வாய்க்காலும் வெட்டிய கைகளே ஆயுதம் ஏந்தின. நூற்றுக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் தமிழர், கொல்லப்பட்டனர் என்று கணிக்கப்படுகின்றது. சுதந்திர இலங்கை கண்ட முதலாவது பெரும் இனக்கலவரத்தின் மிகக்கொடிய பகுதி நடந்தது இந்த நீர்க்கரையிலே. நீரைப் பங்கிட ஒரு சபையை அமைத்தவர்கள், அந்நீரை நம்பி வாழ்வோர் ஒருவரையொருவர் நம்புதற்கு எவ்வித ஏற்பாடும் செய்யவில்லை என்றே எமக்குத் தோன்றுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடும் கனடாவும் தமது பேரேரிகளின் பொருட்டு 1909-ம் ஆண்டிலேயே உடன்படிக்கை செய்து, வழக்கு எழுந்தால் ஆராயக் கூட்டு ஆணைக்குழு ஒன்றையும் வைத்தன. இரு தேசங்களுக்கு இயன்றது ஒரு வாய்க்காலின் இரு முனைகளுக்கு இயலாமற் போயிற்று.

அடுத்த 20 ஆண்டுகளில் வாய்க்கால்களும் பழுதுற்றன. மடைக்கதவுகள் உடைந்தன, கரை சிதைந்தது, மேல்மடையார் வேண்டியதைவிட மிகுதியாய் எடுத்தனர், கடைமடையிற் சிறுபோகம் என்பது வெறும் பெயராயிற்று. அப்பொழுதுதான் எமது சரித்திரத்திலே பெரிதும் பேசப்படாத ஓர் அத்தியாயம் நிகழ்ந்தது. இடதுகரைப் புனரமைப்புத் திட்டத்தின் கீழ், கமநல ஆராய்ச்சி நிறுவனத்தினரும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து, பட்டதாரி இளைஞர் சிலரை 1981-ம் ஆண்டு உழவரிடையே அனுப்பினர். இவர்கள் கட்டளையிடச் சென்றவர்கள் அல்லர். ஒவ்வொரு வயல்வாய்க்காலாய் நடந்து, வீட்டுத் திண்ணையில் இருந்து, உழவரோடு பேசி, அவர்களையே ஒன்றுகூட்டச் சென்றவர்கள்.

அவ்வாண்டு சிறுபோகத் தொடக்கத்தில் சமுத்திரத்திற் கிடந்த நீர் கொள்ளளவில் ஏறத்தாழ நாலில் ஒன்றே. சண்டை மூளும் என்றே அதிகாரிகள் அஞ்சினர். நடந்ததோ வேறு. உழவர் தாமே சேர்ந்து நெடுங்காலமாய்த் தூர்ந்த வாய்க்கால்களைத் துப்புரவு செய்தனர். முறை வைத்து நீர் எடுத்தனர். தலைமடைச் சிங்கள உழவர் தமது மடையைச் சில நாள் அடைத்து, மிஞ்சிய நீரைக் கடைமடைத் தமிழ் உழவருக்குச் செல்ல விட்டனர். இதனை நேரிற் கண்டு நெடுநாள் ஆராய்ந்து எழுதிய பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப், தாம் கற்ற பொருளியற் கொள்கை எதனாலும் இதனை முற்றாக விளக்க முடியவில்லை என்னும் கருத்தில் ஒரு பெரும் நூலையே 1992-ல் வெளியிட்டார். 1983-ம் ஆண்டுக்கு இரண்டே ஆண்டு முன்னர் இது நடந்தது என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் வந்த போர்க்காலத்தில் எத்தனையோ ஏற்பாடுகள் அழிந்தன. ஆயினும் கமக்காரர் அமைப்பு என்னும் முறை நாடெங்கும் பரவியதற்கு இவ்விடதுகரை அனுபவம் ஒரு முக்கிய காரணம்.

இத்தனை நீரும் இறுதியிற் கடலுக்கே வருதல் வேண்டும். அங்கே எமது ஒலுவில். 1990களில் அமைச்சராயிருந்த எம். எச். எம். அஷ்ரஃப் இவ்வூருக்கு இரண்டு பெருங்கனவுகளைக் கொணர்ந்தார். ஒன்று, 1995-ல் பல்கலைக்கழகக் கல்லூரியாய்த் தொடங்கி மறு ஆண்டு முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம், அது வேரூன்றிவிட்டது. மற்றையது துறைமுகம். அவர் 2000-ம் ஆண்டு மறைந்த பின்னர், டென்மார்க் நாட்டின் கடனுதவியுடன் 2008-ல் வேலை ஆரம்பமாகி, 2013 செப்டெம்பர் 1-ந் தேதி அது திறந்துவைக்கப்பட்டது. ஆனால் இக்கரையின் மணல் ஓரிடத்தில் நிற்பதன்று; தெற்கிலிருந்து வடக்காக அது இடையறாது நகர்வது. கடலினுள் நீண்ட கற்சுவர் அதனைத் தடுத்தது. தென்புறத்திலும் துறைவாயிலிலும் மணல் குவிந்தது; வடபுறத்தில் மணலின்றிக் கரை அரிக்கப்பட்டது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. மதில்கள் கடலுட் சென்றன. நிந்தவூர்வரை மக்கள் கவலையுற்றனர். வணிகக் கப்பல்கள் வந்து தங்கும் நிலையும் உருவாகவில்லை. துறைவாய் தூர்ந்தபோது மீன்பிடி வள்ளங்களே செல்ல இயலாது தவித்தன. ஆற்றின் தலையிலே அணை கட்டினால் ஆறு சுமந்துவரும் மணலும் அங்கே தங்கும் என்பது பொதுவிதி. கடலோரத்தில் மற்றொரு சுவர் வந்தால், கரைக்குக் கிடைக்கும் மணலின் கணக்கு இரண்டு பக்கத்தாலும் குறையும். தலையில் ஒரு கூட்டத்தாரும் காலில் வேறொரு கூட்டத்தாருமாய் வெவ்வேறு காலத்திற் கட்டியவை இவை. நடுவே கிடக்கும் நிலத்தைப் பார்த்து எழுதிய திட்டம் எங்கேனும் உண்டாயின், அதன் பயனை நாம் கண்டிலோம்.

வெள்ளத்தின் கணக்கும் இவ்வாறே. அணை பெருவெள்ளத்தின் வேகத்தைக் குறைத்தது உண்மை, முற்றாக நீக்கியதில்லை. அணைக்குக் கீழே பெய்யும் மழை அணையைக் கேட்டு வருவதில்லை. 2011-ம் ஆண்டு ஜனவரியிலும் பெப்ரவரியிலும் கிழக்கு மாகாணத்து வயல்கள் கடலாயின. 2024 நவம்பர் 26-ந் தேதி காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளம் உழவு இயந்திரம் ஒன்றைப் புரட்டியது. அதிலே வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரசா மாணவச் சிறுவர்கள் உயிரிழந்தனர். இக்கரையில் எந்த வீட்டிலும் அன்று சோறு இறங்கவில்லை. அவர்கள் சென்ற வீதி, பட்டிப்பளை ஆறு பல காலமாய்க் கடலுக்கு இறங்கி வந்த தாழ்நிலத்தைக் குறுக்கே வெட்டிச் செல்வது. வில்லும் தரவையும் நிரப்பப்பட்டு வீடும் கடையும் வீதியும் ஆனால், நீர் தனது பழைய வழியை மறப்பதில்லை. ஊர்ப்பெயர்களைப் பற்றி முன்னே எழுதியபோது இதனையே மனத்திற் கொண்டிருந்தோம். வில் என்று பெயரிட்டவன் அங்கே நீர் நிற்கும் என்று எமக்குச் சொல்லியே சென்றான்.

இக்கட்டுரையின்பொருட்டு ஒலுவிற் கரையிலும் களியோடைப் பக்கத்திலும் சிலநாள் நடந்தோம். கோடையில் ஆற்றின் வாய் மணலால் அடைபட்டுக் கிடக்கின்றது. இக்கரையில் நின்று அக்கரைக்குக் கால் நனையாமல் நடக்கலாம், பிள்ளைகள் பந்தாடுகின்றனர். உட்புறத்து நீர் அசைவற்று, பாசி படர்ந்து, கொக்குகளுக்கு உணவளித்துக் கொண்டிருக்கின்றது. ஐப்பசி, கார்த்திகையில் மேல்வட்டைகள் நிறைந்து, வடிகால் நீர் பின்னோக்கி எழுந்து, கதிர் பரிந்த பயிரைத் தொடும்போது, வயற்காரரும் மீனவரும் கூடிப் பேசி ஒரு நாளைக் குறிப்பர். மண்வெட்டி கொண்டு முதலில் ஒரு முழ அகலத்திற்கு மணலை வெட்டி விடுவர். இப்பொழுது இயந்திரமும் வருகின்றது. வெட்டிய சிறு கால்வாயில் நீர் மெல்ல இறங்கத் தொடங்கும். சிறிது நேரத்தில் அது இரு கரையையும் தானே அரித்துக்கொண்டு, பதுளை மலையின் மண்ணும் உகணை வயலின் வைக்கோலும் இறக்காமத்து ஆம்பற் கொடியும் சுழன்று வர, பேரிரைச்சலோடு கடலுட் பாயும்.

எந்த நாளில் வெட்டுவது என்பதில் இன்றும் வாதம் உண்டு. முந்தி வெட்டினால் உவர்நீர் உட்புகும் என்பர் ஒரு சாரார். பிந்தினால் பயிர் அழுகும் என்பர் மறு சாரார்.